அயோடின் எங்க போச்சு டீச்சர்?

கொஞ்சம் நீளமான பதிவு. சமையல் முடிந்து, சீரியல் தொடங்குவதற்கு முன் கிடைக்கும் நேரத்தில் மூன்று நாளாக எழுதியது. நிதானமாகப் படியுங்கள்.

போன மாதம் எனக்கு முழங்கால் வலி அதிகமானது உங்களில் பலருக்குத் தெரியும். டாக்டர் பத்து நாளைக்கு ஒரு மாத்திரை எழுதிக் கொடுத்தார். எதை வாங்கினாலும் அட்டையில் இருப்பதை ஓர் எழுத்து விடாமல் படிக்கும் பழக்கம் எனக்கு. அதில் "பைராக்சிகாம் பீட்டா சைக்ளோடெக்ஸ்ட்ரின்" என்று போட்டிருந்தது. பைராக்சிகாம் வலி மாத்திரை என்று தெரியும். பின்னால் ஒட்டிக்கொண்டிருக்கும் அந்த நீளப் பெயர் என்ன? மருந்து ஆராய்ச்சியில் இருக்கும் பழைய மாணவர் ஒருவருக்குப் படம் எடுத்து அனுப்பினேன். இரவு ஒன்பது மணிக்குக் கூப்பிட்டார்.

"டீச்சர், அது ஒரு கிண்ணம். மருந்து அதுக்குள்ள உக்காந்திருக்கு."

"கிண்ணமா? எதுல செஞ்ச கிண்ணம்ப்பா?"

"ஸ்டார்ச்சுல டீச்சர். நீங்க கஞ்சித்தண்ணியில அயோடின் விட்டுக் காட்டுவீங்களே, அதே ஸ்டார்ச்."

அதன் பிறகு அவர் சொன்னதை நான் சரியாகக் கேட்கவில்லை. மனசு 1994-க்குப் போய்விட்டது.

எட்டாம் வகுப்பு. சோத்துக்கஞ்சி ஒரு டம்ளரில், அயோடின் கரைசல் ஒரு சொட்டு. கருநீலமாக மாறியதும் வழக்கம்போல எல்லாரும் "ஓ" என்றார்கள். ஜன்னல் ஓரம் மூன்றாவது பெஞ்சில் இருந்த ஒரு பிள்ளை எழுந்து, "அயோடின் பழுப்பாத்தான இருந்துச்சு. இப்ப அது எங்க போச்சு டீச்சர்?" என்று கேட்டாள். எனக்குப் பதில் தெரியாது. நான் படித்தது ஆசிரியர் பயிற்சிப் பட்டயம். "மாவுச்சத்து இருந்தால் நீலநிறம் தோன்றும்" என்பதற்கு மேல் எங்களுக்கும் யாரும் சொல்லித் தரவில்லை. தெரியாது என்று சொல்லியிருக்கலாம். "அதெல்லாம் பரீட்சைக்கு வராது, உக்காரு" என்று சொன்னேன். உட்கார்ந்துவிட்டாள். அந்த வருஷத்தோடு அவள் படிப்பும் நின்றது. தீப்பெட்டி ஆபீசுக்கு வேலைக்குப் போனதாகக் கேள்விப்பட்டேன்.

அவள் கேட்ட கேள்விக்குப் பதில்தான் இந்தப் பதிவு. அந்தப் பதிலுக்கு நம் ஊர்ப்பக்கத்துக்காரர் ஒருவரும் தேவைப்படுகிறார் என்பது இந்த ஒரு மாதத்தில் நான் தெரிந்துகொண்டது.

முதலில் கிண்ணத்தின் கதை. 1891-ல் பிரான்சில் அந்துவான் வில்லியே என்ற வேதியியலாளர் உருளைக்கிழங்கு மாவை ஒருவகை பாக்டீரியாவைக் கொண்டு நொதிக்க வைத்தார். ஆயிரம் கிராம் மாவுக்கு மூன்று கிராம் அளவில் அழகான படிகம் மிஞ்சியது. மாவு நொதித்தால் பிசுபிசுப்பாகத்தான் எதுவும் வரும். படிகம் வருவது அதிசயம். ஒரு பெயரும் வைத்தார். அத்தோடு சரி.

அடுத்து ஆஸ்திரியாவின் வியன்னா நகரில் ஃபிரான்ஸ் ஷார்டிங்கர். உணவுப் பரிசோதனை நிலையத்தில் வேலை. சமைத்த பிறகும் சாகாமல் உணவைக் கெடுக்கும் கிருமிகள் எவை என்று பார்ப்பது அவர் பணி. 1903-லிருந்து எழுதிய கட்டுரைகளில், ஒரு பாக்டீரியா மாவுச்சத்தைத் தின்று இரண்டு விதமான படிகங்களைத் தருவதைச் சொன்னார். இரண்டையும் எப்படிப் பிரித்து அறிந்தார் தெரியுமா? அயோடின் விட்டுத்தான்! ஒன்று நீலமும் பச்சைச் சாம்பலுமாக மாறியது, மற்றது செம்பழுப்பானது. அவற்றைத்தான் இன்று ஆல்ஃபா, பீட்டா சைக்ளோடெக்ஸ்ட்ரின் என்கிறோம். 1911-ல் இதைப் பற்றிய தன் வேலையை அவர் முடித்துக்கொண்டார். இன்னும் எத்தனையோ கேள்விகள் மிச்சமிருக்கின்றன, என்னைவிட நல்ல வசதி வாய்த்த வேறு யாராவது தொடரட்டும் என்கிற பொருள்பட எழுதிவிட்டு விலகினார். எனக்கு அந்த இடத்தில் படிப்பை நிறுத்த வேண்டியதாயிற்று. கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டுத்தான் மேலே போனேன்.

அந்தப் படிகத்தின் உருவம் தெரிய இன்னும் கால் நூற்றாண்டு ஆனது. ஜெர்மனியில் ஃப்ராய்டன்பெர்க்கும் அவர் குழுவும் 1930-களில் கண்டுபிடித்தார்கள்: குளுக்கோஸ் மணிகள் கைகோத்து நிற்கும் வளையம். ஆறு மணி என்றால் ஆல்ஃபா, ஏழு என்றால் பீட்டா, எட்டு என்றால் காமா. வளையம் தட்டையாக இல்லை. அடியும் திறந்த ஒரு கிண்ணம் போல, ஒரு வாய் அகலம், மறு வாய் குறுகல். வெளிப்பக்கம் தண்ணீரோடு ஒட்டும். உள்பக்கம் தண்ணீரை அவ்வளவாக விரும்பாது. எண்ணெய்ப் பசையான பொருளை இழுத்து வைத்துக்கொள்ளும். பீட்டா கிண்ணத்தின் உள்வாய் ஒரு மில்லிமீட்டரில் பத்து லட்சத்தில் ஒரு பங்கைக்கூட எட்டாது. அதில் சுமார் 0.6 பங்குதான்.

இப்போது கஞ்சிக்கு வருவோம். மாவுச்சத்தில் ஒரு பகுதி நீண்ட சங்கிலி. அது ஸ்பிரிங் போலச் சுருண்டிருக்கும், சுற்றுக்கு ஆறு குளுக்கோஸ். அயோடின் அந்தச் சுருளின் உள்ளே வரிசையாகப் போய் அமர்கிறது. அங்கே அது வெளிச்சத்தை உறிஞ்சும் விதம் மாறிப் பழுப்பு நீலமாகிறது. ஷார்டிங்கரின் பாக்டீரியா செய்ததெல்லாம், அந்த ஸ்பிரிங்கில் ஒரு சுற்றை வெட்டி இரண்டு நுனியையும் ஒட்டி வளையமாக்கியதுதான். மூன்றாவது பெஞ்சுப் பிள்ளை கேட்டாளே, "எங்க போச்சு?" உள்ளே போனது!

உள்ளே போனது என்று எப்படித் தெரியும்? கண்ணால் பார்க்க முடியாதே. இங்கேதான் நம்ம வத்திராயிருப்புக்காரர் வருகிறார்.

பிப்ரவரி 28 தேசிய அறிவியல் நாள். சர்.சி.வி.ராமன் கப்பலில் போனார், கடல் நீலமாக இருப்பதைப் பார்த்தார், ராமன் விளைவைக் கண்டுபிடித்தார் என்று வருஷா வருஷம் நாடகம் போடுவோம். நானே எழுதி இயக்கிய நாடகம்தான். ராமனுக்குத் தலைப்பாகை கட்ட என் நூல்சேலைதான் போகும். அதில் பாதி தப்பு, பிள்ளைகளே. கடல் பயணம் 1921-ல். கடலின் நீலம் தண்ணீர் மூலக்கூறுகள் ஒளியைச் சிதறடிப்பதால் வருவது என்று அவர் அடுத்த வருஷமே எழுதிவிட்டார். அது நிறம் மாறாத சாதாரணச் சிதறல். ராமன் விளைவு வேறு. அதற்குப் பிறகு ஏழு வருஷ உழைப்பு தேவைப்பட்டது, கல்கத்தா பவ்பஜார் தெருவில் இந்திய அறிவியல் வளர்ச்சிக் கழகத்தின் கட்டடத்தில்.

அந்த ஏழு வருஷத்தில் மூன்று பேரை நாம் மறந்துவிட்டோம். 1923-ல் கே.ஆர்.ராமநாதன், தண்ணீரில் சிதறிய ஒளியில் விழுந்த ஒளியில் இல்லாத ஒரு மங்கலான சாயல் இருப்பதைக் கண்டார். திரவத்தில் ஏதோ அழுக்கு, அது ஒளிர்கிறது என்று நினைத்தார்கள். திரும்பத் திரும்ப வடித்துச் சுத்தம் செய்தும் போகவில்லை. பிறகு எஸ்.வெங்கடேசுவரன், கிளிசரினில் சிதறிய ஒளி நீலத்துக்குப் பதில் பச்சையாகத் தெரிவதைக் கண்டார். அவருக்குப் பகலில் வேறு அரசு வேலை. மாலையிலும் விடுமுறை நாளிலும்தான் ஆய்வுக்கூடத்துக்கு வர முடியும். சூரிய வெளிச்சத்தை வைத்துச் செய்யும் சோதனையை மாலையில் வந்து எப்படிச் செய்வது? ஆகவே அந்த வேலையைத் தொடரும்படி ராமன் இன்னொருவரிடம் சொன்னார்.

அவர்தான் கே.எஸ்.கிருஷ்ணன். 1898-ல் வத்திராயிருப்பில் பிறந்தவர். ஸ்ரீவில்லிபுத்தூரில் பள்ளிப்படிப்பு, மதுரை அமெரிக்கன் கல்லூரி, பிறகு சென்னை கிறித்துவக் கல்லூரி. 1928 பிப்ரவரி முதல் வாரத்திலிருந்து நாள்தோறும் திரவம் மாற்றித் திரவம் சோதித்தார். நாட்குறிப்பும் எழுதி வைத்தார். அது இருப்பதால்தான் அந்த மாதத்தில் நடந்தது நமக்கு இவ்வளவு தெளிவாகத் தெரிகிறது. ஒருநாள் இரவு ராமன் அவர் வீட்டுக்கே பரபரப்பாக வந்து, நாம் பார்த்துக்கொண்டிருப்பது அழுக்கின் ஒளிர்வு இல்லை, இத்தனை நாள் தேடியது இதைத்தான் என்று பேசியதும் அதில் இருக்கிறது. பிப்ரவரி 28-ல் வடிகட்டிய ஒளியைச் செலுத்தி, நிறமாலைக் கருவி வழியாகப் பார்த்தபோது, விழுந்த நிறம் ஒரு பக்கம், நடுவில் இருட்டு, அதைத் தாண்டிப் புதிய நிறம். இரண்டும் தனித்தனி. சந்தேகம் தீர்ந்தது. மார்ச் 31 நேச்சர் இதழில் வந்த முதல் அறிவிப்பில் இருவர் பெயரும் இருந்தது. 1930-ல் நோபல் பரிசு ராமனுக்குத் தனியாகக் கிடைத்தது. பரிசு யாருக்கு என்ற வழக்கை நான் இங்கே எடுக்கப் போவதில்லை; கிருஷ்ணனே எடுக்கவில்லை. ஆனால் நம் பக்கத்துப் பள்ளி நாடகங்களிலாவது கிருஷ்ணனுக்கு ஒரு வேஷம் கொடுக்கலாம். நான் கொடுக்காமல் போனேன்.

விளைவு என்ன என்றால் இதுதான். ஒரே நிற ஒளியை ஒரு பொருள்மீது விட்டால் ஏறத்தாழ எல்லாமே அதே நிறமாகச் சிதறும். கோடியில் ஒன்று என்ற அளவில் மட்டும் நிறம் மாறி வரும். மூலக்கூறு சும்மா இருப்பதில்லை, நடுங்கிக்கொண்டே இருக்கிறது. அந்த நடுக்கத்துக்கான சக்தியை ஒளியிடமிருந்து எடுத்துக்கொள்வதால் நிறம் மாறுகிறது. எவ்வளவு மாறியது என்று அளந்தால் மூலக்கூறு எப்படி நடுங்குகிறது என்று தெரிந்துவிடும். சந்தையில் பானை வாங்கும்போது தட்டிப் பார்ப்போமே, அதுதான். ஓசையை வைத்தே கீறல் பானையா, நல்ல பானையா, உள்ளே ஏதாவது இருக்கிறதா என்று சொல்லிவிடுவார்கள் நம் ஆத்தாமார்கள். ராமன் நிறமாலை மூலக்கூறை வெளிச்சத்தால் தட்டிப் பார்ப்பது.

ஆனால் தட்டுவது எளிதாக இருக்கவில்லை. பாதரச விளக்கை வைத்து ஒரு படம் பதிய மணிக்கணக்கில், சில சமயம் நாள்கணக்கில் ஆகும். இரண்டாம் உலகப் போருக்குப் பின் அகச்சிவப்பு நிறமாலைக் கருவிகள் கடைக்கு வந்ததும் ராமன் முறையைப் பலர் ஓரமாக வைத்துவிட்டார்கள். 1960-ல் லேசர் வந்த பிறகுதான் அதற்கு மறுவாழ்வு. அப்போதும் ராமநாதன் காலத்துப் பழைய பேய் விடவில்லை: பல பொருள்கள் லேசர் பட்டால் தாமே ஒளிர்ந்து, அந்த மெல்லிய ராமன் ஒளியை மூழ்கடித்துவிடும். 1986-ல் ஹிர்ஷ்ஃபெல்ட், சேஸ் என்ற இருவர் கண்ணுக்குத் தெரியாத 1064 நானோமீட்டர் லேசரை வைத்து அந்தத் தொல்லையைப் பெருமளவு தவிர்க்கும் வழி காட்டினார்கள்.

இதற்கிடையில் 1978-ல் அமெரிக்காவில் மாவுச்சத்து–அயோடின் நீலத்தையே ராமன் முறையிலும் வேறு ஒரு முறையிலும் தட்டிப் பார்த்தார்கள். அயோடின் உள்ளே ஐந்து ஐந்து அணுக்களாகச் சேர்ந்து சங்கிலியாக இருக்கிறது என்று தெரிந்தது. 1994-ல் என் வகுப்பில் அந்தக் கேள்வி எழுந்தபோது பதில் வந்து பதினாறு வருஷம் ஆகியிருந்தது. எனக்கு வந்து சேரவில்லை.

சரி, கிண்ணம் எப்படி மாத்திரைக்குள் வந்தது? தண்ணீரில் சரியாகக் கரையாத மருந்துகள் ஏராளம். கரையாவிட்டால் ரத்தத்தில் சேராது. மருந்தின் எண்ணெய்ப் பசையான பாகத்தைக் கிண்ணத்துக்குள் வைத்துவிட்டால், வெளியே தண்ணீருக்குப் பிடித்த கிண்ணம், உள்ளே மருந்து; விரைவாகக் கரையும். இந்த யோசனைக்கு 1953-லேயே ஃப்ராய்டன்பெர்க், கிராமர், பிளீனிங்கர் மூவரும் காப்புரிமை வாங்கிவிட்டார்கள். ஆனால் முதல் மருந்து ஜப்பானில் 1976-ல்தான் வந்தது. நடுவில் இருபத்து மூன்று வருஷம் ஏன்?

இந்தக் கதையில் என்னை மிகவும் தொந்தரவு செய்த இடம் இதுதான். 1957-ல் டெக்ஸ்டர் ஃபிரெஞ்சு என்ற பெரிய அறிஞர் சைக்ளோடெக்ஸ்ட்ரின் பற்றி விரிவான, அருமையான ஆய்வுரை எழுதினார். அதில் போகிற போக்கில் ஒரு செய்தி: எலிகளுக்கு இதைக் கொடுத்துப் பார்த்தோம், கொஞ்சமாகத் தின்றன, ஒரு வாரத்துக்குள் செத்துவிட்டன. அந்தச் சோதனையின் விவரம் எங்கும் அச்சாகவில்லை. எத்தனை எலி, எவ்வளவு சுத்தமான பொருள், ஒன்றும் கிடையாது. ஆனால் எழுதியவர் பெரியவர். விஷம் என்று முடிவாகிவிட்டது. மனிதருக்கு மருந்தாகக் கொடுக்கலாமா என்று யோசிக்கவே பலர் பின்வாங்கினார்கள். பல வருஷம் கழித்து முறையான சோதனைகள் செய்தபோதுதான் வாய்வழியாகச் சாப்பிடும்போது அது பாதுகாப்பானது, பெருங்குடல் கிருமிகள் அதைச் செரித்துவிடும் என்று தெளிவானது. பீட்டாவை அப்படியே ஊசியில் ஏற்றினால் சிறுநீரகத்தைக் கெடுக்கும் என்பதும் அப்படித்தான் தெரிந்தது. அதற்காக வளையத்தில் மாற்றம் செய்த வகைகளை உண்டாக்கினார்கள். கொரோனா காலத்தில் நம் சொந்தத்திலேயே சிலருக்கு ஏற்றிய ரெம்டெசிவிர் ஊசியில் இருந்தது அப்படி மாற்றப்பட்ட பீட்டாதான்.

ஹங்கேரியின் புடாபெஸ்ட் நகரில் யோசெஃப் செய்த்லி என்பவர் இந்தக் கிண்ணத்துக்காகவே வாழ்நாளைக் கொடுத்தார். 1981-ல் இதற்கென முதல் உலக மாநாடும் அங்கேதான் நடந்தது. என் முழங்காலுக்கு வந்த பைராக்சிகாம் கூட்டு 1988-ல் இத்தாலியில் விற்பனைக்கு வந்தது.

இனி இரண்டு கதையும் சேரும் இடம். மருந்தையும் கிண்ணப் பொடியையும் ஒன்றாகக் கலந்தால் மட்டும் உள்ளே போய்விடாது. தண்ணீர் தெளித்துப் பிசைந்தோ, கரைத்து உறைய வைத்து உலர்த்தியோ செய்ய வேண்டும். செய்து முடித்தபின் பார்த்தால் வெறும் கலவையும் வெள்ளைப் பொடி, உண்மையான கூட்டும் அநேகமாக வெள்ளைப் பொடி. எது எது? அகச்சிவப்பில் பார்த்தால் கிண்ணத்தின் கோடுகள் பலமாக எழுந்து மருந்தின் கோடுகளை மறைத்துவிடும். தண்ணீரில் கரைந்திருந்தால் தண்ணீரின் கோடு வேறு. ராமன் முறையில் நேர்மாறு. கிண்ணத்தின் குரலும் தண்ணீரின் குரலும் மெல்லியவை. பென்சீன் வளையம் போன்றவை உள்ள மருந்தின் குரல் உரத்து ஒலிக்கும். கல்யாண வீட்டுச் சத்தத்தில் நம் பிள்ளையின் குரல் மட்டும் தனியாகக் கேட்பது போல.

மருந்து தன் படிகத்தில் இருக்கும்போது அண்டை மூலக்கூறுகளோடு கைகோத்து நெருக்கமாக நிற்கிறது. கிண்ணத்துக்குள் போனால் தனி ஆள். அப்போது அதன் நடுக்கம் சற்று மாறும். சில கோடுகள் கொஞ்சம் நகரும், சில அகலும், சில மறையும். வெறும் கலவையில் இந்த மாற்றம் இராது, இரண்டு பொருளின் கோடுகளும் அப்படியே ஒன்றன்மேல் ஒன்றாக இருக்கும். எந்தக் கோடு நகர்ந்தது என்று பார்த்தால் மருந்தின் எந்தப் பக்கம் உள்ளே, எந்தப் பக்கம் வெளியே என்பதையும் ஊகிக்கலாம்.

பைராக்சிகாமில் ஒரு வேடிக்கை உண்டு. ஒரே மூலக்கூறுக்கு இரண்டு வேஷம். மின்னேற்றம் இல்லாத வேஷத்தில் வெள்ளை. ஒரு முனையில் நேர்மின்னும் மறு முனையில் எதிர்மின்னுமாகப் பிரிந்த வேஷத்தில் மஞ்சள். கிண்ணத்துக்குள் எந்த வேஷம்? 1999-ல் இத்தாலிய ஆய்வாளர்கள் அந்த 1064 லேசர் ராமன் முறையில் தட்டிப் பார்த்துச் சொன்னார்கள்: பெரும்பாலும் மின்னேற்றம் பிரிந்த வேஷம்தான். தண்ணீரோடு எளிதாக உறவாடக்கூடிய வேஷம் அது. ஒரு மருந்துக்கு இரண்டரைக் கிண்ணம் என்ற கணக்கு. 20 மில்லிகிராம் பைராக்சிகாமை ஏற்றிச் செல்ல மொத்தப் பொடி 191.2 மில்லிகிராம். அட்டையில் அந்த எண்ணைப் பார்த்துத்தான் என் மாணவர், "பத்துல ஒரு பங்குதான் டீச்சர் மருந்து, மிச்சமெல்லாம் கிண்ணம்" என்று சிரித்தார்.

(உறவுகளுக்கு ஒரு வார்த்தை: டீச்சர் எழுதினாங்க என்று இந்தப் பெயரைச் சொல்லி மெடிக்கலில் வாங்கிப் போடாதீர்கள். வயிற்றுப்புண், சிறுநீரகத் தொந்தரவு உள்ளவர்களுக்கு இந்த வகை வலி மாத்திரை ஆகாது. பெரிய மைனி, உங்களைத்தான்.)

அன்று இரவு போனை வைக்கும்முன் அவரிடம் கேட்டேன். "ஏம்ப்பா, நீ எந்த செட்?" 1994 எட்டாம் வகுப்பு என்றார். "ஜன்னல் பக்கம் மூணாவது பெஞ்சுல ஒரு பிள்ளை..." என்று ஆரம்பித்தேன். "ஞாபகம் இருக்கு டீச்சர், அயோடின் கேட்டாளே. நானும் அன்னைக்கு அதையேதான் கேக்கணும்னு நெனச்சேன். நல்லவேளை கேக்கலனு சந்தோசப்பட்டேன்" என்றார்.

நேற்று வீட்டில் கஞ்சி வடித்துப் பேத்திக்கு அந்தச் சோதனையைச் செய்து காட்டினேன். பழைய அயோடின் பாட்டில், ஒரே சொட்டு. நீலம் வந்தது. பிறகு டம்ளரை அடுப்பில் சூடு செய்தேன். சூட்டில் சுருள் தளர்ந்து அயோடின் வெளியேறும், நீலம் மறைந்துவிடும். ஆறினால் திரும்பி வரும். இத்தனை வருஷத்தில் இதை நான் வகுப்பில் ஒருமுறைகூடச் செய்து காட்டியதில்லை. நீங்களும் வீட்டில் செய்து பாருங்கள். டம்ளரை மட்டும் நன்றாகக் கழுவி வையுங்கள், அயோடின் பட்டதைக் குடிக்கக் கூடாது.

1994 செட் பிள்ளைகளே, அவள் எந்த ஊரில் வாழ்க்கைப்பட்டிருக்கிறாள் என்று உங்களில் யாருக்காவது தெரிந்திருக்கும். பெயரை இங்கே போட வேண்டாம். நம்பர் இருந்தால் எனக்குத் தனியாக அனுப்புங்கள். அவளிடம் வாட்ஸ்அப் இல்லையென்றால் நானே போன் செய்து வாசித்துக் காட்டுகிறேன்.

அன்புடன்,
உங்கள் டீச்சர்